19 குழந்தைகள், ஒரே அட்டவணை, ஆளுக்கொரு பி-மதிப்பு: எதை நம்புவது?

தேன்சிட்டு:

எல்லாருக்கும் வணக்கம். சமுதாய மருத்துவத்தில் முதுகலை படிக்கிறேன். வகுப்பில் ஒரு பழைய மருத்துவ ஆய்வின் தரவைக் கொடுத்து, சிகிச்சைக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு உண்டா, இல்லை இரண்டும் சார்பற்றவையா என்று சோதித்து வரச் சொன்னார்கள். பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவர்கள் நடத்தி 1989ல் வெளியிட்ட எக்மோ (உடலுக்கு வெளியே இயந்திரம் வைத்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் சிகிச்சை) ஆய்வு அது. நுரையீரல் ரத்த அழுத்தம் கடுமையாக ஏறி, மூச்சு விட முடியாமல் போன பச்சிளம் குழந்தைகள். வழக்கமான சிகிச்சை பெற்ற 10 பேரில் 4 பேர் இறந்துவிட்டார்கள். எக்மோ போட்ட 9 பேரில் ஒரு குழந்தைகூட இறக்கவில்லை. அட்டவணை அவ்வளவுதான், மொத்தம் 19 பேர்.

ஆர் மென்பொருளில் கை-ஸ்கொயர் டெஸ்டை அப்படியே ஓட்டினால் பி-மதிப்பு (தொடர்பே இல்லை என்றாலும் இவ்வளவு அல்லது இதைவிட அதிக வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்; 0.05க்குக் கீழே வந்தால் தொடர்பு உண்டு என்று கொள்வது வழக்கம்) 0.116 வருகிறது. சின்ன எண்ணிக்கைக்காக அதில் சேர்க்கும் யேட்ஸ் திருத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டினால் 0.033. ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்ட் போட்டால் 0.087. கூடவே கை-ஸ்கொயர் தோராயம் சரியாக இல்லாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கையும் வருகிறது. தரவு ஒன்றுதான், ஒரு டெஸ்ட் தொடர்பு உண்டு என்கிறது, இரண்டு இல்லை என்கின்றன. எங்கள் சீனியர் ஒருவர், ஏதாவது கட்டத்தில் எண்ணிக்கை 5க்குக் கீழே போனால் ஃபிஷர்தான், வேறு பேச்சே இல்லை என்கிறார். அப்படியானால் 0.087 என்று எழுதி, எக்மோவுக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பில்லை என்று முடித்துவிடலாமா? பத்துக்கு நாலு பேர் இறந்த இடத்தில் இன்னொரு பக்கம் ஒருவர்கூட இறக்கவில்லை என்கிறபோது அப்படி எழுத மனசு வரவில்லை. இவ்வளவு சின்ன சாம்பிளில் இந்த டெஸ்டுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கணக்குப்பிள்ளை:

அந்த எச்சரிக்கை ஏன் வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

சிகிச்சைக்கும் இறப்புக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், 19 பேரில் இறந்த 4 பேர் குழுவின் அளவுக்கேற்பப் பிரிந்திருக்க வேண்டும். வழக்கமான சிகிச்சையில் 10 × 4 ÷ 19, அதாவது 2.1 பேர். எக்மோவில் 1.9 பேர். உங்கள் சீனியர் சொல்லும் அந்த 5 இந்த எதிர்பார்ப்பு எண்ணிக்கைக்குத்தான், அட்டவணையில் கண்ணுக்குத் தெரியும் எண்ணுக்கு இல்லை. நிறையப் பேர் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். 1900ல் கார்ல் பியர்சன் கொடுத்த கை-ஸ்கொயர் கணக்கு ஒரு வழவழப்பான வளைகோட்டை வைத்து நிகழ்தகவு சொல்கிறது. சாம்பிள் பெரிதாகப் பெரிதாகத்தான் அந்த வளைகோடு உண்மைக்குப் பக்கத்தில் வரும். உங்கள் அட்டவணையில் வளைகோடு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வரக்கூடிய முடிவுகள் மொத்தமே ஐந்துதான், கையாலேயே எண்ணிவிடலாம்.

குழுக்கள் 10, 9 என்றும் மொத்த இறப்பு 4 என்றும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 19 பேரில் அந்த 4 பேர் யார் யாராக இருக்கலாம் என்பதற்கு 3,876 வழிகள். நாலு பேரும் வழக்கமான சிகிச்சைப் பக்கமே இருக்க 210 வழி. மூன்று அங்கே, ஒன்று எக்மோவில் என்றால் 1,080. இரண்டுக்கு இரண்டு 1,620. ஒன்று அங்கே, மூன்று எக்மோவில் என்றால் 840. நாலும் எக்மோ பக்கம் என்றால் 126. கூட்டிப் பாருங்கள், சரியாக 3,876 வரும்.

நமக்கு வந்தது 210 வழி உள்ள முடிவு. 210ஐ 3,876ஆல் வகுத்தால் 0.054, இது எக்மோவுக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் பார்க்கும் ஒருபக்க பி-மதிப்பு. இருபக்கமாகப் பார்க்கும்போது, இதே அளவுக்கு அல்லது இதைவிட அரிதான முடிவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படி இருப்பது அந்த 126 மட்டும்தான். 336ஐ வகுத்தால் உங்களுக்கு வந்த 0.087.

இப்போது அந்த ஐந்து முடிவுகளையும் இன்னொரு தடவை பாருங்கள். எக்மோவுக்குச் சாதகமாக, இந்த 4 இறப்பை வைத்து, இதைவிட நல்ல முடிவு வரவே முடியாது. நாலு பேரும் எதிர்ப் பக்கம். அப்படி வந்தும் இருபக்க ஃபிஷர் 0.05க்குக் கீழே இறங்கவில்லை. கீழே இறங்கக்கூடிய ஒரே முடிவு நாலு குழந்தைகளும் எக்மோவில் இறப்பது, அதற்கு 0.033. அதாவது எக்மோ நன்றாக வேலை செய்கிறது என்று இந்த அட்டவணை 5 சதவீத அளவில் சொல்வதற்கு வழியே இல்லை, உண்மை எப்படி இருந்தாலும் சரி. இப்படி ஒரு டெஸ்ட் "நிரூபணம் ஆகவில்லை" என்று சொன்னால் அதை "தொடர்பு இல்லை" என்று எழுதவே கூடாது. உங்கள் மனசு சொன்னது சரி.

வடகரைவாசி:

கணக்குப்பிள்ளை எண்ணிக் காட்டியது அருமை. ஆனால் அவர் போகிற போக்கில் "மொத்த இறப்பு 4 என்று பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார் பாருங்கள், சண்டையே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. 80 வருஷச் சண்டை.

புள்ளியியலாளர் ஃபிஷர் இந்த டெஸ்டை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் தேநீர். ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் அவருடன் வேலை பார்த்த முரியல் பிரிஸ்டல் என்ற அறிவியலாளர், கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா டீயை ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். எட்டு கோப்பை, அதில் நாலு பால் முதலில், நாலு டீ முதலில். நாலு நாலு என்பது குடிப்பவருக்கும் தெரியும், அதனால் அவரும் சரியாக நாலைத்தான் "பால் முதல்" என்று சொல்லுவார். அட்டவணையின் இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஆய்வு தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது. 70 வழியில் ஒன்றுதான் முழுக்கச் சரி, அதற்கு 0.014. ஒவ்வொரு வகையிலும் ஒன்று தவறினாலே பி-மதிப்பு 17/70, அதாவது 0.243க்குத் தாவிவிடும், நடுவில் ஒன்றும் கிடையாது. 0.05 என்று கோடு போட்டாலும் நிஜத்தில் நடப்பது 0.014 என்ற கோடுதான். சின்ன அட்டவணையில் ஃபிஷர் எப்போதும் இப்படித்தான், கோட்டுக்கு ரொம்ப உள்ளேயே நின்றுவிடும்.

எக்மோ ஆய்வில் எத்தனை குழந்தைகள் இறக்கும் என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. அது ஆய்வில் வந்த விஷயம். அப்புறம் ஏன் அதைப் பிடித்து வைத்துக் கணக்குப் போட வேண்டும்? 1945ல் பார்னார்டு என்ற புள்ளியியலாளர் இதைத்தான் கேட்டார். குழுக்களின் அளவை மட்டும் பிடித்து வைத்து, இரண்டு குழுவுக்கும் பொதுவான இறப்பு விகிதம் என்னவெல்லாம் இருக்கலாமோ அது ஒவ்வொன்றுக்கும், இவ்வளவு அல்லது இதைவிட அதிக வித்தியாசம் தற்செயலாக வரும் நிகழ்தகவைப் பார்த்து, அதில் மிகப் பெரியதை பி-மதிப்பாக எடுப்பது அவர் வழி. ஃபிஷர் அதை ஏற்கவில்லை, பின்னாளில் பார்னார்டே தன் டெஸ்டிலிருந்து பின்வாங்கிவிட்டார், ஆனாலும் டெஸ்ட் நின்றுவிட்டது. உங்கள் அட்டவணைக்கு அதைப் போட்டால் 0.034 வரும். 1970ல் பாஷ்லூ கொடுத்தது இன்னொரு வழி, ஃபிஷரின் பி-மதிப்பையே அளவுகோலாக வைத்து பார்னார்டு மாதிரி கணக்குப் போடுவது. அது எந்த இடத்திலும் ஃபிஷரை விட வலு (உண்மையில் உள்ள தொடர்பைப் பிடிக்கும் திறன்) குறையாது. பைத்தான் மொழியின் சைபை என்ற நிரல் தொகுப்பில் இரண்டுமே இருக்கின்றன.

யேட்ஸ் 1934ல் கொடுத்த திருத்தம் ஃபிஷரின் பி-மதிப்பைக் கிட்டத்தட்டப் பிடிக்கத்தான் வந்தது, கணினி இல்லாத காலம். இன்று ஃபிஷரையே நேராகக் கணக்குப் போடலாம், அந்தத் திருத்தத்துக்கு என்ன தேவை என்று எனக்குப் புரியவில்லை. ஆர், சைபை இரண்டுமே 2×2 அட்டவணைக்குக் கேட்காமலே அதைப் போட்டுவிடுகின்றன, உங்களுக்கு 0.116 வந்தது அதனால்தான்.

5 என்ற விதி பற்றி: அதைப் பரப்பியதில் புள்ளியியலாளர் காக்ரனின் 1952, 1954 கட்டுரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரிய அட்டவணையில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 1க்குக் கீழே எங்குமே போகக்கூடாது, 5க்குக் கீழே உள்ள கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்றார். 5 என்பதற்குப் பின்னால் ஆழமான காரணம் இல்லை என்பது அவருக்கே தெரியும். 2007ல் கேம்ப்பெல் என்ற ஆய்வாளர் 2×2 அட்டவணைகளைத் திரும்ப அலசிவிட்டு, எதிர்பார்ப்பு எண்ணிக்கை எல்லாக் கட்டத்திலும் 1க்குக் குறையாமல் இருந்தால் கை-ஸ்கொயர் போதும், ஆனால் சூத்திரத்தில் மொத்த எண்ணிக்கைக்குப் பதிலாக ஒன்று குறைத்துப் போடுங்கள் என்றார். உங்கள் தரவில் 19க்குப் பதில் 18. அப்படிப் போட்டால் 0.038.

தேன்சிட்டு:

ரெண்டு பேருக்கும் நன்றி. அந்த ஐந்து முடிவுகளைக் கையால் எண்ணிப் பார்த்தேன், புரிகிறது. ஆனால் இப்போது பயம் கூடிவிட்டது. பார்னார்டு 0.034, கேம்ப்பெல் 0.038 என்று வருகிறது, ஃபிஷர் 0.087. அப்படியானால் பார்னார்டைப் போட்டு, தொடர்பு உண்டு என்று எழுதிவிடலாமே? யாராவது ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

முத்துக்குளிப்பவன்:

தேன்சிட்டு, அதைச் செய்யாதீர்கள். பார்னார்டு தவறான டெஸ்ட் இல்லை. ஐந்து டெஸ்டையும் ஓட்டி, பி-மதிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்ததை எடுத்தால் அந்த 0.034க்கு அர்த்தமே போய்விடும். 5 சதவீதம் என்ற உத்தரவாதம், தரவைப் பார்க்கும் முன்பே டெஸ்டைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான். ஐந்து டெஸ்டில் எது கீழே வருகிறதோ அதை எடுப்பது என்பது ஆறாவது ஒரு டெஸ்ட், அதன் பிழை விகிதம் என்ன என்று யாரும் கணக்குப் போடவில்லை.

மருத்துவ ஆய்வுகளில் புள்ளியியல் பகுதியைப் பார்ப்பது என் வேலை, அதனால் இந்த ஆய்வைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே யாரும் அதைத் தொடவில்லை. அந்த 10, 9, 4 எல்லாம் எப்படி வந்தன தெரியுமா? ஏதாவது ஒரு குழுவில் 4 இறப்பு நேர்ந்ததும் குலுக்கல் முறையில் பிரிப்பதை நிறுத்திவிட வேண்டும், அதன் பிறகு வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் நன்றாக வேலை செய்த சிகிச்சையையே கொடுக்க வேண்டும் என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். நான்காவது குழந்தை இறந்ததும் நிறுத்தினார்கள். ஆக ஃபிஷர் நினைப்பது போல மொத்த இறப்பும் முடிவாகி இருக்கவில்லை, பார்னார்டு நினைப்பது போலக் குழுவின் அளவும் முடிவாகி இருக்கவில்லை. முடிவாகி இருந்தது நிறுத்தும் விதி ஒன்றுதான். கண்டிப்பாகப் பார்த்தால் உங்கள் கையில் இருக்கும் எந்த பி-மதிப்பும் இந்த ஆய்வு நடந்த விதத்துக்குப் பொருந்தாது.

ஏன் அப்படி ஒரு விதி என்றால், அதற்கு முன்பு 1985ல் மிச்சிகனில் இதே எக்மோவுக்கு ஓர் ஆய்வு வந்தது. எந்தச் சிகிச்சை வெல்கிறதோ அதற்கே அடுத்த குழந்தை போக வாய்ப்பு கூடுகிற மாதிரி குலுக்கல். விளைவு, 11 குழந்தைகள் எக்மோவில், 11 பேரும் பிழைத்தார்கள், வழக்கமான சிகிச்சைக்குப் போனது ஒரே ஒரு குழந்தை, அது இறந்துவிட்டது. சாதாரண ஃபிஷர் கணக்கில் 12ல் 1, அதாவது 0.083. ஒரே ஒரு குழந்தையை வைத்து ஒப்பிட்டதை நிறையப் பேர் ஏற்கவில்லை. அதனால்தான் பாஸ்டனில் திரும்ப நடத்தினார்கள். குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் "சாம்பிளை இன்னும் கூட்டியிருக்கலாமே" என்று நாம் இங்கே உட்கார்ந்து எளிதாகச் சொல்லிவிடலாம், அந்த வார்டில் நிற்பவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. சின்ன சாம்பிளை நான் ஒருபோதும் கேவலமாகப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

உங்கள் அறிக்கையில் பி-மதிப்பை மட்டும் எழுதாதீர்கள். இடைவெளி மதிப்பீடு, அதாவது உண்மையான இறப்பு விகிதம் எங்கிருந்து எங்கு வரை இருக்கலாம் என்பதையும் எழுதுங்கள். வழக்கமான சிகிச்சையில் 10ல் 4 இறப்பு என்றால், 95 சதவீத நம்பக இடைவெளி 12 முதல் 74 சதவீதம் வரை. எக்மோவில் 9ல் பூஜ்யம் என்றால், 0 முதல் 34 சதவீதம் வரை. இந்த இரண்டு வரியைப் படித்தாலே, வித்தியாசம் மிகப் பெரிதாக இருக்கலாம், ஆனால் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், இந்த 19 பேரை வைத்துத் தீர்க்க முடியாது என்பது படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். பி-மதிப்பில் அது தெரியாது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், வகுப்பில் காட்டினால் எல்லாருக்கும் உறைக்கும். குழுவுக்கு 10 பேர். ஒரு பக்கம் ஒருவர் இறக்கிறார், இன்னொரு பக்கம் 6 பேர். 10 சதவீதத்துக்கு எதிராக 60 சதவீதம். இருபக்க ஃபிஷர் கொடுப்பது 0.057. இவ்வளவு பெரிய வித்தியாசத்தையே பிடிக்காத டெஸ்டை வைத்து, இரண்டும் சார்பற்றவை என்று எப்படிச் சொல்வது?

எக்மோ விஷயம் பிறகு பிரிட்டனில் தீர்ந்தது. 1996ல் வெளியான ஆய்வு, 185 குழந்தைகள். எக்மோவில் 93 பேரில் 30 பேர், வழக்கமான சிகிச்சையில் 92 பேரில் 54 பேர் இறந்தார்கள். அந்த அட்டவணையில் எந்த டெஸ்டைப் போட்டாலும் ஒரே பதில்தான்.

பாலைவனச்சோலை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தரவு இப்படி இரண்டு வகை இல்லை, அட்டவணை 4×5, பாதிக் கட்டங்களில் 0, 1, 2 தான். ஃபிஷர் போட்டால் நினைவகம் போதவில்லை என்கிறது. அப்புறம் எண்ணளவான இரண்டு மாறிகளும் உண்டு, 20 பேர், இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவைக் காட்டும் ஒட்டுறவு 0.3, பி-மதிப்பு கோட்டுக்கு மேலே. இவற்றுக்கு என்ன வழி?

கணக்குப்பிள்ளை:

4×5க்கு எல்லா முடிவுகளையும் எண்ணாமல் குலுக்கிப் பாருங்கள். ஒரு மாறியின் மதிப்புகளை ஆட்களுக்குள் கலைத்துப் போட்டு, ஒவ்வொரு தடவையும் கை-ஸ்கொயர் எண்ணைக் கணக்கிட்டு, உங்கள் தரவின் எண்ணை அது எத்தனை முறை எட்டுகிறது அல்லது தாண்டுகிறது என்று எண்ணுவது. வளைகோடே தேவையில்லை. ஆரில் கை-ஸ்கொயர், ஃபிஷர் இரண்டிலும் இந்த வசதி உண்டு. நாமாக எதுவும் சொல்லாவிட்டால் 2,000 தடவைதான் கலைக்கும். பி-மதிப்பு 0.05க்குப் பக்கத்தில் இருந்தால் அதிலேயே 0.005 அளவுக்கு ஆடும், திரும்ப ஓட்டினால் முடிவு மாறிப்போகும். ஒரு லட்சம் என்று கொடுங்கள், சில நொடிதான் ஆகும். அதற்கு முன்பு, அந்த ஐந்து வகைகளில் பாடத்தின் பொருளை வைத்துச் சேர்க்கக்கூடியவை இருந்தால் சேருங்கள். பி-மதிப்பைப் பார்த்துச் சேர்க்காதீர்கள்.

ஒட்டுறவுக்கு: 20 பேர் என்றால் 0.444 ஐத் தாண்டினால்தான் 5 சதவீதக் கோட்டைத் தொடும். உங்கள் 0.3க்கு நம்பக இடைவெளி -0.16 முதல் 0.66 வரை. முத்துக்குளிப்பவன் சொன்ன அதே கதைதான், ஒன்றும் இல்லாததிலிருந்து நல்ல வலுவான தொடர்பு வரை எல்லாமே அதற்குள் இருக்கிறது.

வடகரைவாசி:

பாலைவனச்சோலை, ஒட்டுறவு பூஜ்யமாகவே இருந்தாலும் அது சார்பின்மை ஆகிவிடாது. ஒரு மாறி இன்னொன்றின் வர்க்கமாக இருந்தால், மதிப்புகள் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் சமமாகப் பரவியிருக்கும்போது ஒட்டுறவு பூஜ்யம்தான், ஆனால் ஒன்று தெரிந்தால் மற்றது முழுக்கத் தெரியும். வளைந்த தொடர்புகளையும் பிடிக்கத் தூர ஒட்டுறவு போன்ற அளவைகள் 2007ல் வந்தன. ஆனால் எல்லா வகைத் தொடர்பையும் தேடுகிற டெஸ்டுக்கு ஒவ்வொரு வகைக்கும் வலு குறைவாகத்தான் இருக்கும், 20 பேரில் அது இன்னும் மெலிந்துவிடும். படம் வரைந்து கண்ணால் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு இதில் கவலை தரும் இடம் வேறு. எது எதற்குக் காரணம் என்று கோடுகளால் இணைத்துக் காரண வரைபடம் போட்டுக் கொடுக்கும் மென்பொருள்களில், பிசி அல்காரிதம் மாதிரி, இரண்டு மாறிகளுக்கு நடுவில் சார்பின்மை டெஸ்ட் ஓட்டி, பி-மதிப்பு 0.05 போன்ற வரம்புக்கு மேலே இருந்தால் வரைபடத்தில் அவற்றை இணைக்கும் கோட்டை அழித்துவிடுவார்கள். சின்ன சாம்பிளைக் கொடுத்தால் வரைபடம் பளிச்சென்று, கோடுகள் குறைவாக, அழகாக வரும். அழிந்த கோடுகளில் பாதி, பிடிக்க வலு இல்லாமல் போனதால் அழிந்ததாக இருக்கலாம். அதிலும் மூன்றாவது, நான்காவது மாறிகளைப் பிடித்து வைத்துச் சோதிக்கும்போது தரவு துண்டு துண்டாகப் பிரிந்து ஒவ்வொரு துண்டிலும் நாலைந்து பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த வரைபடத்தை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிட்டு, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

தேன்சிட்டு:

மிக்க நன்றி. நான் எழுதப் போவது இப்படி: குழுக்களின் அளவு, இறப்பு, இரண்டு நம்பக இடைவெளிகள், நிறுத்தும் விதி பற்றி ஒரு பத்தி, ஃபிஷர் இருபக்கம் 0.087, இந்த 4 இறப்பில் வரக்கூடிய ஐந்து முடிவுகளின் பட்டியல். தொடர்பு இல்லை என்ற வாக்கியம் எங்கும் இருக்காது. பார்னார்டு எண்ணையும் போடலாமா, வேண்டாமா?

முத்துக்குளிப்பவன்:

போடுங்கள், ஆனால் ஓட்டிய எல்லா டெஸ்டையும் சேர்த்துப் போடுங்கள், 0.116ஐயும் விடாமல். எது ஒருபக்கம், எது இருபக்கம், எதில் யேட்ஸ் திருத்தம் இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 1996 பிரிட்டன் அட்டவணையையும் கீழே கொடுத்தால் வகுப்பில் பேச நல்லதாக இருக்கும்.